செங்கல்லின் வயது

கொழும்பில் பழைய தாதுகோபம் பார்க்கப் போகிறேன் என்று வெள்ளவத்தையில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பழசு வேண்டுமென்றால் அனுராதபுரத்துக்குப் போங்கோ, பொலன்னறுவைக்குப் போங்கோ, இங்கே இருப்பதெல்லாம் நேற்றைய சீமெந்து என்பார்கள். அதில் பிழையும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் காலை அகட்டி நிற்கும் சம்போதி சைத்தியம் 1956ஆம் ஆண்டின் புத்த ஜயந்திக்காக எழுந்தது. கொட்டாஞ்சேனை விகாரையில் இருப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயாம் இளவரசர் ஒருவர் கட்டியது. களனியில் நிற்பது, போர்த்துக்கேயர் இடித்துப் போட்ட இடத்தில் மறுபடி எழுப்பப்பட்டது.

ஆனால் செங்கல்லில் வயதைத் தேடினால் அனுராதபுரத்திலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். இலங்கையின் முதல் தாதுகோபம் என்று கொண்டாடப்படும் தூபாராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் கட்டியது, உள்ளே புத்தரின் வலது காறை எலும்பு இருக்கிறது என்பது நம்பிக்கை. ஆதியில் அது நெற்குவியல் வடிவத்தில் இருந்ததாம். இன்று நாம் பார்க்கும் மணி வடிவம் 1862இல் முடிந்த திருத்த வேலையில் வந்தது. துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாய 19ஆம் நூற்றாண்டில் மரம் முளைத்த செங்கல் குன்று. அதன் வெள்ளை உடம்பு போன நூற்றாண்டில் போர்த்தியது. அப்படியானால் இரண்டாயிரம் வருடப் பழமை என்று நாம் சொல்வது எதை? இந்தக் கேள்வியோடுதான் ஒரு போயா நாள் காலையில் கொழும்பின் மூன்று தாதுகோபங்களையும் பார்த்துவரப் புறப்பட்டேன்.

துணைக்கு மாஸ்டர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிறந்து வளர்ந்தது கந்தரோடை. இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மகளோடு இருக்கிறார். சைவர். கோயிலுக்குப் போவார், ஆனால் கேள்வி கேட்காமல் போகமாட்டார். "உங்களுக்கென்ன தம்பி, கொழும்பில பிறந்தனீங்கள். எங்களுக்குத் தாதுகோபம் வளவுக்குப் பின்னாலை இருந்தது" என்று ரயில் ஏறும்போதே தொடங்கிவிட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில்தான் சுகம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். அலை பெரிதாக எழும் நாளில் வாசலில் நிற்பவரின் சட்டை நனையும். போயா நாள் என்பதால் பெட்டியில் பாதிப்பேர் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். சில் எடுக்கப் போகும் பாட்டிமார், மடியில் பூச்சரை, பக்கத்தில் தூங்கி வழியும் பேரப்பிள்ளைகள்.

சம்போதி சைத்தியத்தைத் தூரத்தில் பார்த்தால் நீர்த்தாங்கி என்றே தோன்றும். குறுக்கே பின்னிய இரண்டு பெரிய கொங்கிறீற் வளைவுகள், அவற்றின் உச்சியில் வெள்ளைக் குமிழ். பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்தது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 வருடம் நிறைந்ததை நினைவுகூர, துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இருப்பவர் கண்ணில் படவேண்டும் என்று உயரத்தில் தூக்கி வைத்தார்கள். போர்க்காலத்தில் துறைமுகப் பக்கம் முழுக்கக் காவலரண்களாக இருந்தபோது, கொழும்பில் வாழ்ந்த தமிழர் பலருக்கு இது தொலைவில் தெரியும் வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான்.

இதன் விசேஷம் உயரம் அல்ல. உள்ளே வெற்றிடம். படியேறி உள்ளே போய் நிற்கலாம். களுத்துறையில் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய தாதுகோபமும் இதே குலசிங்கவின் கைவண்ணம்தான். அதற்குள்ளும் போகலாம், உட்சுவரெல்லாம் ஓவியம். மாஸ்டர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்கை போகலாம் எண்டால் பிறகென்ன தாதுகோபம்?"

நியாயமான கேள்வி. நம் கோயிலுக்குக் கருவறை உண்டு, வாசல் உண்டு, திரை விலகினால் மூர்த்தி தெரியும். தாதுகோபத்துக்கு வாசலே கிடையாது. நடுவில் தாது வைக்கும் அறை. அதைக் கல்லால் மூடி, அதன்மேல் செங்கல்லை அடுக்கி அடுக்கிக் குவித்துவிடுவார்கள். மூடியபின் யாரும் பார்க்கக்கூடாது, கட்டிய அரசன்கூட. அடியில் மூன்று வட்டப் படிகள், அதன்மேல் கர்ப்பம் எனப்படும் பெரிய அரைக்கோளம், அதன் தலையில் சதுரக் கூடு, பிறகு கூம்பு, உச்சியில் பளிங்கு. பார்ப்பதற்கு இவ்வளவுதான். வழிபாடு என்பது வலம் வருவது. வலது தோள் தாதுகோபத்தின் பக்கம் இருக்கவேண்டும்.

இறந்தவரின் எலும்புக்குமேல் மேடு எழுப்புவது புத்தருக்கு முந்திய பழக்கம். மகாபரிநிப்பான சூத்திரத்தில் புத்தரே ஆனந்தருக்கு இதைப் பற்றிச் சொல்கிறார். தூபம், அதாவது தாதுகோபம், எழுப்பத் தகுந்தவர் நால்வர்: புத்தர், தனித்து ஞானம் பெற்ற பச்சேக புத்தர், புத்தரின் சீடர், சக்கரவர்த்தி. அதை நாற்சந்தியில் எழுப்பவேண்டும். பார்ப்பவர் மனம் தெளியவேண்டும். பட்டியலின் கடைசியில் வரும் சக்கரவர்த்தியைக் கவனியுங்கள். துறவிக்கும் அரசனுக்கும் ஒரே மரியாதை. இலங்கையில் மன்னர்கள் இந்தக் கட்டடத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதிலும் காரணம் தேடலாம் என்று எனக்குப் படுகிறது.

குசிநாராவில் தகனம் முடிந்ததும் எலும்புக்குச் சண்டை மூண்டது. துரோணர் என்ற பிராமணர் நடுவில் நின்று எட்டுப் பங்காகப் பிரித்தார். எட்டுத் தூபங்கள்; அளந்த குடத்துக்கு ஒன்று, தணலுக்கு ஒன்று, ஆகப் பத்து. அசோகர் பின்னால் வந்து அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து, தாதுக்களை 84,000 துண்டாக்கி நாடெங்கும் தூபம் எழுப்பினார் என்பது மரபு. எண்ணிக்கையை நம்பவேண்டியதில்லை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பழக்கம் உருவாகிவிட்டது: பழையதைத் திறப்பது, பங்கிடுவது, புதியதைக் கட்டுவது. ஒரு துகள் இருந்தால் அந்த இடம் முழுமை. பெரியது சின்னது என்ற பேச்சுக்கு இடமில்லை.

தாதுவிலும் மூன்று வகை சொல்வார்கள். எலும்பு, பல், கேசம் போன்ற உடல் தாது. பாத்திரம், அங்கி, போதி மரம் என அவர் பயன்படுத்தியவை. அவரை நினைவூட்டுவதற்காகச் செய்தவை. துறைமுகத்துச் சைத்தியத்தை மூன்றாவது வகையில் சேர்ப்பேன். மாஸ்டர் சேர்க்கமாட்டார். அவருக்கு அது இன்னும் நீர்த்தாங்கிதான்.

புறக்கோட்டையில் ஆட்டோ பிடித்தோம். ஆடிவேல் தேர் புறப்படும் செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைத் தாண்டி, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஏறினோம். லூசியா பேராலயத்தின் குவிமாடம் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் இடம் இது. கொழும்பில் தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதைக் கேட்கவேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும்.

இந்த நெரிசலுக்குள் இருக்கிறது தீபதுத்தமாராமய, கொழும்பின் மிகப் பழைய பௌத்த விகாரைகளில் ஒன்று. 1873 ஓகஸ்டில் பாணந்துறையில் கிறிஸ்தவப் பாதிரிகளோடு மேடை போட்டு வாதாடிய மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். அந்த வாதத்தின் அச்சுப் பிரதி கடல் கடந்து போய்த்தான் அமெரிக்கரான கர்னல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளையிலிருந்து இந்த விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே லூசியா கோவிலுக்குப் பக்கத்தில் கலவரம் வெடித்தது. நியாயம் கேட்டு ஒல்கொட் லண்டனுக்குப் போனார். விளைவாக வெசாக் பொது விடுமுறை ஆனது. 1885 ஏப்ரல் 28 வெசாக் அன்று பௌத்தக் கொடி முதன்முதலாக இந்த முற்றத்தில் ஏறியது. அந்தக் கலவரம் நடந்து 136 வருடம் கழித்து இன்னொரு உயிர்த்த ஞாயிறில், இங்கிருந்து நடை தூரத்தில் அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. வாசலில் ஆட்டோவை நிறுத்திய சாரதி இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், எதுவும் விளக்காமல்.

நான் வந்தது கொடிக்காக அல்ல, முற்றத்தில் நிற்கும் தாதுகோபத்துக்காக. சயாம் பாணி. அனுராதபுரத்து உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் பார்வையிலேயே வித்தியாசம் பிடிபடும். இதைக் கட்டியவர் பிரிஸ்டாங் என்ற இளவரசர். மூன்றாம் ராமா மன்னரின் பேரன், சூலலங்கோர்ன் மன்னருக்குச் சகோதர முறை. லண்டன் கிங்ஸ் கொலிஜில் பொறியியல் படித்தவர். ஐரோப்பாவில் சயாமின் தூதராக இருந்தவர். 1885இல் நாட்டுக்கு அரசியலமைப்பு வேண்டும் என்று மன்னருக்குப் போன மனுவில் இவர் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பின் அரசவையில் இவருக்கு நல்ல காலம் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறி, 1896இல் இலங்கையில் வஸ்கடுவ சுபூதி தேரரிடம் துறவு பூண்டு ஜினவரவம்ச ஆனார்.

இரண்டு வருடம் கழித்து அவர் வாழ்க்கையில் ஒரு மேடு குறுக்கிட்டது. 1898 ஜனவரியில் நேபாள எல்லையோரம் பிப்ரவா என்ற இடத்தில், தன் தோட்டத்து மேட்டைத் தோண்டிய வில்லியம் பெப்பே என்ற ஆங்கிலேயருக்குப் பெரிய கற்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே சிறு பாத்திரங்கள். ஒன்று பளிங்கு, மூடியில் மீன் வடிவப் பிடி. எலும்புத் துண்டுகள், சாம்பல், கூடவே நூற்றுக்கணக்கில் மணிகளும் பொன் இதழ்களும். ஒரு பாத்திரத்தின் மூடியைச் சுற்றி பிராமி எழுத்து: சாக்கிய குலத்துப் புத்தரின் தாதுக்கள் இவை என்று. செய்தி கேட்டு ஜினவரவம்ச நேரில் போனார். உலகில் மிஞ்சியிருக்கும் சுதந்திரப் பௌத்த அரசன் சயாம் மன்னன்தான், எலும்புகளை அவரிடம் கொடுங்கள் என்று ஆங்கில அதிகாரிகளிடம் வாதாடினார். வாதம் எடுபட்டது. தாதுக்கள் பாங்கொக் போயின. அங்கிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் பங்கு வந்தது. துரோணர் செய்ததையே ஆங்கில அரசு மறுபடி செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இளவரசருக்குக் கிடைத்ததோ அவப்பெயர். தாதுவில் ஒரு துண்டைக் கைப்பற்றிவிட்டார் என்ற பேச்சு கடைசிவரை துரத்தியது. மன்னர் உயிரோடு இருக்கும்வரை ஊர் திரும்ப வழி கிடைக்கவில்லை. பிக்குவாகக் கொட்டாஞ்சேனையில் தலைமை ஏற்று, இந்தத் தாதுகோபத்தை எழுப்பினார். 1910இல் மன்னர் இறந்ததும் சயாமுக்குப் போனவரின் காவியுடையை அங்கே களையவைத்தார்கள். 1935இல் காலமானார்.

எலும்பு மடத்துக்குப் போனது. மணிகள் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகுதி பெப்பே குடும்பத்துக்கும் போயின. அந்தப் பகுதிதான் 2025 மே மாதம் ஹொங்கொங்கில் ஏலத்துக்கு வரவிருந்தது. இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்ததும் ஏலம் நின்று, ஜூலையில் மணிகள் இந்தியா திரும்பின. எலும்போடு புதைத்த மணியும் தாதுதான், அதை விற்பது எப்படி என்ற கேள்வி அப்போது உலகமெங்கும் எழுந்தது. புதைத்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கு இந்தப் பிரிவினையே புரிந்திருக்காது.

இங்கே மாஸ்டர் ஒன்றை எடுத்துவிட்டார். வல்லிபுரத்தில் விஷ்ணு கோயிலுக்குப் பக்கத்தில் கிடைத்த பழைய புத்தர் சிலையை 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் சயாம் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். "எங்கட புத்தர் அங்கை போனார், அவையின்ரை இளவரசர் இஞ்சை வந்து கட்டினார். கணக்குச் சரி" என்றார். கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் சமன்பாடு.

விகாரை முற்றத்தில் அன்று கூட்டம் அதிகமில்லை. ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துத் தீக்குச்சியை உரசவைத்து, தேங்காயெண்ணெய் விளக்குத் திரியைக் கொளுத்தினாள். மூன்றாவது குச்சியில் பற்றியது. குழந்தை கைதட்டியது; தாய் வாயைப் பொத்தினாள். இந்த இடத்தின் கதையை உலகம் அறியவேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு தகவல் பலகையில் இன்னும் நாலு வரி சேர்க்கலாம். கொழும்பு வரும் சுற்றுலாப் பயணிகள் கங்காராமயவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

களனிக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. ஆற்றைக் கடந்ததும் வீதியோரம் முழுக்கப் பூக்கடை. தாமரை, நீல அல்லி, மல்லிகை. பூக்காரப் பெண் பேசிக்கொண்டே தாமரையின் வெளியிதழை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததும் மொட்டு, நாலு சுற்று இதழ் விரிந்த பூவாகத் தோன்றும்; விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாஸ்டர் சிங்களத்தில் விலை கேட்க, அவள் தமிழில் சொன்னாள். கண்டி ரோட்டில் தோட்டத்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வருவார்களாம், அதில் பழகியதாம்.

பூவை வாங்கியதும் நேராகக் கொண்டுபோய் வைக்கமுடியாது. குழாயில் தண்ணீர் தெளித்து, தட்டைத் தலைக்குமேல் ஒருமுறை தூக்கி, வரிசையில் நின்று பீடத்தில் அடுக்கவேண்டும். முகரக்கூடாது, முகர்ந்தால் அது எச்சில். முன்னால் வைத்தவரின் பூ வாட முன் அடுத்தவரின் பூ அதன்மேல் விழும். வாடும் பூவைப் பார்த்து உடலும் இப்படித்தான் என்று நினைப்பதே பூசை என்பார் ஒரு பிக்கு. சுட்ட மணலில் வெறுங்காலோடு வலம் வரும்போது எனக்கு அவ்வளவு தத்துவம் தோன்றவில்லை. நிழல் எந்தப் பக்கம் என்றுதான் தேடினேன்.

களனித் தாதுகோபம் நெற்குவியல் வடிவம். அறுவடை முடிந்து களத்தில் கொட்டிய நெல் எப்படித் தானாகச் சரிந்து நிற்குமோ அப்படி. சிங்கள மரபு தாதுகோபத்துக்கு ஆறு வடிவம் சொல்கிறது: நீர்க்குமிழி, மணி, குடம், தாமரை, நெல்லி, நெற்குவியல். மற்ற ஐந்தும் அழகு, இது பசி. உழவர் நாட்டில் இந்த வடிவம் தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மகாவம்சத்தின்படி புத்தர் இலங்கைக்கு மூன்று முறை வந்தார். இரண்டாவது வருகை நாகதீபத்துக்கு. மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும், நாக அரசர்கள், ஒரு மணியாசனத்துக்காகப் படை திரட்டி நின்றார்கள். புத்தர் அவர்களுக்குள் சமாதானம் செய்துவைத்தார். மூன்றாவது வருகை களனிக்கு, மணியக்கிகன் என்ற நாக அரசனின் அழைப்பில், வெசாக் பௌர்ணமியில். அவர் அமர்ந்த மணியாசனம் இந்தத் தாதுகோபத்துக்குள் இருக்கிறது என்பது பக்தர் நம்பிக்கை. உடல் தாது அல்ல, அவர் பயன்படுத்திய இருக்கை, இரண்டாவது வகை. மணிமேகலை படித்தவர் காதில் இப்போது ஏதோ ஒலிக்கும். மணிபல்லவத்தில் அவள் கண்ட பீடிகையும் இரண்டு நாக அரசர் சண்டையிட்ட அதே பீடிகைதான். பாளியில் ஒரு தேரரும் தமிழில் சாத்தனாரும் ஒரே கதையை அவரவர் கடற்கரையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

செங்கல்லின் வயதுக்கு வருகிறேன். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்த விகாரையை அழித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில், கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலத்தில், மறுபடி எழுப்ப ஆதரவு கொடுத்தவர் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கர் (1747–1782). மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், சைவராகப் பிறந்தவர். இலங்கையில் பிக்குகளுக்கு உபசம்பதை என்ற உயர் துறவுநிலை கொடுக்க ஆளில்லாமல் போனபோது சயாமிலிருந்து உபாலி தேரரை 1753இல் வரவழைத்து சங்கத்தை மீட்டவரும் அவரே. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த சிலரே 1760இல் அவரைக் கொல்லச் சதி செய்தார்கள். நெற்றியில் நீறு பூசும் தமிழன் என்பதும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. சதி வெளிப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களைத் தண்டித்தார். விகாரைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

பிறகு 20ஆம் நூற்றாண்டில் ஹெலேனா விஜேவர்தன என்ற அம்மையார் தம் செல்வத்தை இங்கே கொட்டிப் புதிய படிமமனை கட்டுவித்தார். அதன் உட்சுவரில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய ஓவியங்களைப் பார்க்கவே ஒரு தடவை தனியாக வரலாம். கலிங்கத்து இளவரசி ஹேமமாலா கூந்தலில் புனிதப் பல்லை ஒளித்துக் கொண்டுவரும் காட்சியைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: புத்தகோசர் விசுத்திமார்க்கத்தை மகாவிகாரைத் தேரர்களிடம் சமர்ப்பிக்கும் காட்சி. அந்தக் காலத்தை ஒட்டித்தான் உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரையில் இருந்து பாளியில் எழுதிக்கொண்டிருந்தார். தேரவாத உரைநூல் மரபில் தமிழகத்துக் கை இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலும் மறந்துவிட்டார்கள், இங்கேயும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

உரைநூலில் மட்டுமா? அனுராதபுரத்தில் அபயகிரிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில், கிறிஸ்துவுக்கு முந்திய பிராமி எழுத்தில், தமிழ் இல்லறத்தாரின் மண்டப மேடை என்று பொறித்து, யார் யாருக்கு எந்த இருக்கை என்றும் எழுதியிருக்கிறது. அதில் ஒருவன் கப்பல் தலைவன். திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கப் பசுக் கொடுத்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தவன், தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய இராஜராஜன். பொலன்னறுவையில் தமிழர் மகா சாயா என்றே ஒரு தாதுகோபம் உண்டு. அது வேறு மாதிரியான கதை: பாண்டி நாட்டுப் போரில் சிறைபிடித்த தமிழரைக் கொண்டு முதலாம் பராக்கிரமபாகு கட்டத் தொடங்கினான். முடியவில்லை. இன்று காடேறிய மேடு.

நிழலில் உட்கார்ந்திருக்கையில் கந்தரோடையைப் பற்றிக் கேட்டேன். மாஸ்டருக்கு அதற்காகவே வந்ததுபோல் முகம் மலர்ந்தது.

"வயலுக்கு நடுவிலை சின்னச் சின்னதாக் கிடக்கும் தம்பி. சிலதுக்கு ஆள் உயரமும் இல்லை. நாங்கள் பொடியளாயிருக்கேக்கை அதுக்குள்ளைதான் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறது. ஆரும் பூ வைச்சுப் பாத்ததில்லை. ஆனால் ஒருத்தரும் கல்லை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதும் இல்லை. அம்மா சொல்லுவா, அது சந்நியாசியளின்ரை இடம், கால் படாமல் விளையாடுங்கோ எண்டு. கால் படாமல் எப்பிடி விளையாடுறது?"

நீதிபதியாக யாழ்ப்பாணத்தில் இருந்த போல் ஈ. பீரிஸ் 1917ஐ ஒட்டிய வருடங்களில் அங்கே தோண்டினார். பவளக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆன சிறு தூபங்கள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நின்றன. இப்போது கண்ணுக்குத் தெரியும் இருபத்துச் சொச்சம், பழைய அடித்தளத்தின்மேல் தொல்லியல் திணைக்களம் மீளமைத்தவை. அங்கே வாழ்ந்து மறைந்த பிக்குகளின் சாம்பல்மேல் எழுப்பியவை என்பது பலர் கருத்து. அதே மண்ணில் தமிழ்நாட்டுப் பெருங்கற்காலத்தோடு ஒத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் கிடைத்தது. அந்தப் பிக்குகள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று கல் சொல்லாது. ஆனால் அவர்களுக்குச் சோறு போட்ட ஊர் இன்று மாஸ்டரின் ஊர்.

வடக்கு கிழக்கில் தாதுகோபம் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு இறுகும் காலம் இது. குருந்தூர்மலையில் புதிய தூபிக் கட்டுமானம் நீதிமன்றம் வரை போனது. தையிட்டியில் மக்களின் காணியில் விகாரை எழுந்ததென்று போயா நாட்களில் போராட்டம் நடக்கிறது. காணி பிடிப்பதற்குச் செங்கல்லைச் சாட்சிக்கு இழுப்பது தாதுகோபத்துக்கு மரியாதை அல்ல. காவலுக்கு ஆள் நிறுத்திப் பூசை நடத்துவது பூசையும் அல்ல. எங்கள் பக்கத்தில் சிலர் யாழ்ப்பாணத்தில் பௌத்தமே இருந்ததில்லை என்று சாதிப்பதும் இதற்குப் பதிலாகாது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: கட்டியவனின் சாதியும் மொழியும் செங்கல்லில் ஊறியிருக்கும் என்று நம்புகிறார்கள். களனியை மீட்டது மதுரை வம்சம், கொட்டாஞ்சேனையில் எழுப்பியது சயாம்காரர். செங்கல் யாருடையதோ, பூ வைப்பவன் கையில்தான் தாதுகோபம் ஒவ்வொரு நாளும் கட்டப்படுகிறது.

ருவன்வெலிசாயவைப் பற்றி மகாவம்சம் சொல்லும் ஒன்று எனக்கு மறக்காது. அடித்தளத்துக்குக் கல் பரப்பி, யானைகளின் காலில் தோல் கட்டி மிதிக்கவிட்டார்கள். ஒருவரிடமும் கூலியில்லாமல் வேலை வாங்கக்கூடாது என்பது துட்டகைமுனுவின் கட்டளை. கட்டி முடியுமுன் மன்னன் சாகக் கிடந்தான். தம்பி சத்தாதீசன் வெள்ளைத் துணியைத் தைத்து, பாதியில் நின்ற தாதுகோபத்துக்கு மேலே போர்த்தி, மூங்கிலால் முடியும் செய்துவைத்துக் காட்டினான். பல்லக்கில் கிடந்தபடி மன்னன் வலம் வந்து கும்பிட்டான். அவன் கும்பிட்டது துணியை. அதனால் புண்ணியம் குறைந்துவிட்டதாக எந்த நூலும் சொல்லவில்லை.

புறப்படுமுன் விபீஷணர் தேவாலயத்துக்குப் போனோம். களனியில் அவர் காவல் தெய்வம். பழத்தட்டோடு நீண்ட வரிசை. பூசகரான கப்புறாளை திரைக்குப் பின்னால் முணுமுணுக்கிறார், நெற்றியில் பொட்டு வைக்கிறார். வரிசையில் தமிழ்க் குரல்களும் நிறையக் கேட்டன. எங்களுக்கு முன்னால் நின்ற சிங்கள இளைஞன், மாஸ்டரின் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டான். யாழ்ப்பாணம் என்றதும் நயினாதீவுக்குப் போன கதையைச் சொன்னான். படகில் அம்மாவுக்கு வாந்தி, இருந்தாலும் நாகவிகாரையில் கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த அம்மன் கோயிலிலும் கும்பிட்டார்களாம். "எங்கட ஊரிலை இருபதுக்கு மேலை தாதுகோபம் இருக்கு, அதைப் பாத்தனியா?" என்று மாஸ்டர் தன் சிங்களத்தில் கேட்டார். பையன் நம்பவில்லை. கந்தரோடையின் சிங்களப் பெயரான கதுருகொட என்றதும் படித்த ஞாபகம் வந்து, போனை எடுத்து வரைபடத்தில் தேடத் தொடங்கினான்.

மாஸ்டர் போனைக் கையால் மூடினார். "உது வேண்டாம். சுன்னாகத்திலை இறங்கி ஓட்டோக்காரனைக் கேள். கதுருகொட எண்டு கேட்டால் முழிப்பான். கந்தரோடை எண்டு சொல்லு."

பையன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். 'ழ' இல்லாத பெயர்தான், சுலபமாக வந்தது. வரிசை நகர்ந்தது.